பென்சில் படம், பிக்சல், பால்மரம், கோலம்: கேம் கலைஞர்கள் நடுவில் எதை எப்படிப் போடுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டுப் பகலில் பட்டணத்துக் கடையில் வேலை, இரவில் படம். கையில் நாலு விதமான சரக்கு இருக்கிறதாம்: நோட்டுப் புத்தகம் நிறையப் பென்சில் படங்கள், கொஞ்சம் பிக்சல் ஆர்ட் (புள்ளி புள்ளியாக வைத்து வரைகிற கணினிப் படம்), பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் செய்த ஒரு பால்மரம் (ரப்பர் மரம்), அம்மா வாசலில் போடும் கோலத்தைப் பார்த்துக் கணினியில் வரைந்த சில டிசைன்கள். கேம் கலைஞர்கள் கூடுகிற ஆன்லைன் குழு ஒன்றில் சிலதைப் போட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 'எல்லாவற்றையும் போட்டால் எதிலும் உருப்படியாக நிற்காத ஆள் என்று நினைப்பார்களா? ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடவா?' என்பதுதான் கேள்வி.

மறைக்க வேண்டாம் தம்பி, எல்லாவற்றையும் போடுங்கள். ஆனால் நாலையும் ஒரே மாதிரி போடாதீர்கள். பிக்சல் ஆர்ட்டைப் பார்க்கிறவர் தேடுவது வேறு, 3டி மாடலைப் பார்க்கிறவர் தேடுவது வேறு, அனிமேஷன்காரர் கண் போகிற இடம் வேறு. அவரவர் தேடுவது கண்ணில் படவில்லை என்றால் நல்ல வேலையாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். உங்களுக்குப் பதில் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், படம் மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படம், கீழே 'என் புதிய படம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான் என்றால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர மற்றவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? வேலை தெரிந்தவர்கள் அதற்காக நின்று தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கை வைத்துப் பேச ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை நீங்கள்தான் திறந்து வைக்க வேண்டும்.

எங்கே போடுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுத் திருத்தம் கேட்கிற இடம் ஒன்று. பாலிகவுண்ட் என்கிற இணையதளம் அப்படிப்பட்டது. 90களின் கடைசியில் குவேக் விளையாட்டுக்கு மாடல் செய்தவர்கள் கூடின இடமாகத் தொடங்கி, இன்றைக்கும் 3டி கேம் கலைஞர்கள் பாதி வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கிற இடமாக இருக்கிறது. முடித்த வேலையை வரிசையாக மாட்டிவைக்கிற இடம் இன்னொன்று. 2014-இல் வந்த ஆர்ட்ஸ்டேஷன் அந்த வகை, 2021-இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது டிஸ்கார்ட் மாதிரி அரட்டைக் குழுக்கள். அங்கே பதில் சீக்கிரம் வரும், ஆனால் காலையில் போட்டது மாலைக்குள் மேலே போய்க் காணாமலும் போய்விடும்.

உங்கள் பயத்துக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. திருத்தம் கேட்கிற இடத்தில் 'ஸ்கெட்ச்புக்' என்று சொந்தமாக ஓர் இழை (தொடர் பதிவு) தொடங்கிக்கொள்ளுங்கள். அதில் பென்சிலும் வரலாம், பிக்சலும் வரலாம், கோலமும் வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பலவிதமாகக் கை பழகுவதற்குத்தானே ஸ்கெட்ச்புக். ஒரே ஆளின் வேலைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சேரும்போது பார்ப்பவர்களுக்கும் உங்கள் கை எப்படி மாறிவருகிறது என்பது தெரியும், போன மாதம் கருத்துச் சொன்னவர் இந்த மாதமும் எட்டிப் பார்ப்பார். சிதறிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் புது ஆள்தான். போர்ட்ஃபோலியோவில் (முடித்த வேலைகளின் தொகுப்பில்) மட்டும் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ அந்த வேலைக்கான படங்கள் மட்டும், அதிலும் நல்லது மட்டும். நம் நாட்டில் லெமன் ஸ்கை, பேஷன் ரிபப்ளிக் போன்ற ஸ்டூடியோக்கள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கும் கலைவேலை செய்து கொடுக்கின்றன. இந்த மாதிரி இடங்களில் பாத்திரம் செய்ய ஒருத்தர், பின்னணிக் காட்சி செய்ய ஒருத்தர், அனிமேஷனுக்கு ஒருத்தர் என்று பிரித்துத்தான் ஆள் எடுப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சின்ன விளையாட்டு செய்கிற குழுக்களுக்கோ எல்லாம் கொஞ்சம் தெரிந்த ஆள் கிடைத்தால் பெரிய வரம். அதனால் பல வேலை தெரிவது குறையே இல்லை, எந்தக் கதவைத் தட்டும்போது எதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் விஷயம்.

சரி, இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

பிக்சல் ஆர்ட்டில் படத்தைவிடப் படத்தை ஏற்றுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். 32-க்கு 32 புள்ளியில் ஒரு பாத்திரம் வரைந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்படியே போட்டால் கைப்பேசியில் எறும்பு மாதிரி தெரியும். அதனால் பெரிதாக்கவேண்டி இருக்கிறது. பெரிதாக்கும்போது முழு எண்ணால் மட்டும் பெருக்குங்கள், 4 மடங்கு என்றால் 128-க்கு 128, 8 மடங்கு என்றால் 256-க்கு 256. இரண்டரை மடங்கு, மூன்றே கால் மடங்கு என்று போனால் சில புள்ளி தடித்தும் சில புள்ளி மெலிந்தும் வந்து கோடு கோணலாகிவிடும். பெரிதாக்கும் முறையில் 'நியரஸ்ட் நெய்பர்' என்று ஒன்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும், மற்றவை ஓரத்தை எல்லாம் குழைத்துவிடும். கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக்கில் சேமித்தால் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறங்களுக்குப் பக்கத்தில் நீங்கள் போடாத அழுக்கு நிறங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிக்சல் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பெரிதாக்கின படத்தோடு அசல் அளவையும் பக்கத்தில் வையுங்கள். விளையாட்டில் அது அந்த அளவில்தானே ஓடப்போகிறது, அந்த அளவில் ஆள் யார் என்று தெரிகிறதா என்பதைத்தான் அவர்கள் சோதிப்பார்கள். நிறப்பட்டியலையும் சின்னச் சதுரங்களாக ஓரத்தில் காட்டுங்கள். எத்தனை நிறம், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எப்படி ஏறுகிறது என்று பார்த்தவுடன் உங்களுக்குப் பயனுள்ள பேச்சு தொடங்கும். இன்னொன்று சொல்கிறேன், இதைச் செய்தால் நிச்சயம் வித்தியாசம் தெரியும்: பாத்திரத்தைத் தனியாக வெள்ளைத் தாளில் நிறுத்தாமல் ஒரு முழுத் திரையாகக் காட்டுங்கள். பழைய கேம்பாய் திரை 160-க்கு 144 புள்ளி, நாலே நாலு நிறச்சாயல். பைகோ-8 என்கிற, கணினியில் ஓடும் கற்பனை விளையாட்டுக் கருவி 128-க்கு 128, 16 நிறம். இந்த அளவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தரை, மரம், உயிர்க்கணக்கு காட்டும் பட்டை எல்லாம் சேர்த்து ஒரு காட்சி வரைந்தால் அது விளையாட்டு மாதிரியே இருக்கும். எல்லை குறுகலாக இருப்பதால் சீக்கிரம் முடிக்கவும் முடியும்.

அடுத்தது அந்தப் பால்மரம். எனக்கு இதில் ரொம்ப ஆசை, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன்.

3டி மாடலைப் போடுகிறவர்கள் அழகான வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கேம் கலைஞருக்கு அதில் பாதிதான் தெரிகிறது. அவர் பார்க்க நினைப்பது உள்ளே இருக்கிறது. வயர்ஃபிரேம் (மாடலின் கோட்டுக்கூடு) படம் ஒன்று கட்டாயம் வேண்டும், முக்கோணங்கள் எங்கே நெருங்கி இருக்கின்றன, எங்கே வீணாகின்றன என்பது அதில்தான் தெரியும். எண்ணிக்கை சொல்லும்போதும் முக்கோணக் கணக்காகவே சொல்லுங்கள், விளையாட்டை ஓட்டுகிற மென்பொருளான என்ஜின் கடைசியில் எல்லாவற்றையும் முக்கோணமாகத்தான் உடைக்கிறது. டெக்ஸ்சர்களை (மாடலின் மேல் ஒட்டுகிற படங்களை) தட்டையாக விரித்து ஒரு படம், யூவி (அதை ஒட்டுவதற்காகப் பிரித்து விரித்த மாடலின் மேற்பரப்பு) எப்படி விரித்திருக்கிறீர்கள் என்று ஒரு படம், டெக்ஸ்சர் அளவு என்ன என்று ஒரு வரி. வெளிச்சம் சாதாரணமாக இருக்கட்டும், பின்னால் நடுத்தரச் சாம்பல் நிறம் போதும். நார்மல் மேப் (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டுகிற டெக்ஸ்சர்) போட்டிருந்தால் எந்த என்ஜினுக்கு என்று சொல்லிவிடுங்கள். பிளெண்டரும் யூனிட்டியும் அதன் பச்சைச் சேனலை ஒரு விதமாகப் படிக்கும், அன்ரியல் அதைத் தலைகீழாகப் படிக்கும், மாறிப்போனால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். அனுபவசாலிகள் அதைப் பார்த்த நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மாடலைச் சுற்றிப் பார்க்கக் கொடுக்க நினைத்தால் ஸ்கெட்ச்ஃபேப் இருக்கிறது, பிரவுசரிலேயே திருப்பிப் பார்க்கலாம்.

இவ்வளவும் எந்த மாடலுக்கும் பொருந்தும். பால்மரத்தில் நீங்கள் கூடுதலாகக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது, அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குழுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு பிரமாதமாக மரம் செய்கிறவர்கள் இருப்பார்கள், முக்கோணம் எங்கே குறைக்கலாம் என்று உங்களுக்கு அழகாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் வெட்டுக்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடியாது. அது இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, சுமார் 30 டிகிரி சாய்வில், மரத்தைப் பாதிச் சுற்று சுற்றி இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக ஏறாமல் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், பால் நன்றாக இறங்கும். உங்கள் மாடலைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் திருப்பிப் போட்டுவிட்டால் வெட்டும் தப்பாகிவிடும், ஆகவே காட்டில் மரங்களைப் பலவிதமாகக் காட்ட வேண்டி வந்தால் சுழற்றுங்கள், கண்ணாடிப் பிரதி எடுக்காதீர்கள்.

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வருவதால் கோடு நாளாக ஆகக் கீழே இறங்கும். அதற்கு மேலே இருப்பது ஏற்கெனவே வெட்டி மறுபடி வளர்ந்த பட்டை, நிறமும் மாறியிருக்கும், மேற்பரப்பும் வேறு மாதிரி இருக்கும். கோட்டுக்குக் கீழே இருப்பது இன்னும் கத்தி படாத பட்டை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெக்ஸ்சரில் காட்டிவிட்டாலே மரத்துக்கு ஒரு வரலாறு வந்துவிடும். கோட்டின் தாழ்ந்த முனையில் பால் வழிகிற தகடு, அதற்குக் கீழே கம்பியில் மாட்டின மங்கு (பால் சேர்கிற கிண்ணம்), கோட்டில் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற பால், மங்கில் உறைந்த கட்டிப்பால், இதெல்லாம் தனித்தனி ப்ராப் (காட்சியில் வைக்கிற பொருள்). இலையை மறந்துவிடாதீர்கள், பால்மரத்து இலை ஒரு காம்பில் மூன்றாக வரும். கடையில் கிடைக்கிற பொதுவான இலை டெக்ஸ்சரை ஒட்டினால் ஊர் ஆள் யாரும் நம்ப மாட்டார்கள்.

அளவும் முக்கியம். மரத்தின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் வந்தவுடனேயே வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அதாவது குறுக்களவு 16 சென்டிமீட்டர்தான். சினிமாவில் வரும் காட்டு மரம் மாதிரி தடியாகச் செய்துவிட வேண்டாம். கணக்கையும் இதை வைத்தே போடலாம்: ஒரு மீட்டருக்கு 1024 புள்ளி என்று முடிவு செய்துகொண்டால், 50 சென்டிமீட்டர் சுற்றளவும் 2 மீட்டர் உயரமும் உள்ள அடிமரத்துக்கு 512-க்கு 2048 டெக்ஸ்சர் சரியாக உட்கார்ந்துவிடும். அந்த வெட்டுப்பட்ட பகுதிக்கு மட்டும் தனி டெக்ஸ்சர், அதற்கு மேலே திரும்பத் திரும்ப வருகிற பட்டை டெக்ஸ்சர் போதும். இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று பதிவில் எழுதுங்கள். 'விளையாடுபவர் கண் மட்டத்தில் நடப்பதால் கீழ்ப்பகுதிக்குத்தான் டெக்ஸ்சர் செலவழித்தேன்' என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் விளையாட்டுக்காக யோசித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ரெஃபரன்ஸ் படங்களையும் சேர்த்தே போடுங்கள். மாடலுக்குப் பக்கத்தில் நீங்களே எடுத்த மரத்தின் படம் இருந்தால் வெளிநாட்டுக்காரர்களும் ஒப்பிட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். கொஞ்ச தூரத்தில் குவாலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877-இல் வந்த கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. வயதான பால்மரம் எப்படி இருக்கும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். நம் பக்கத்தில் நிறையத் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. தகரக் கூரை போட்ட லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. பெரட்டுக் களம் (காலையில் வேலையாட்கள் கூடுகிற இடம்), பால் கொட்டகை, தோட்டத்துக் கோயில் இதையெல்லாம் அளவெடுத்து 3டியில் செய்து வைக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுகூட இல்லை. கோட்டையும் டிராகனும் செய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதைச் செய்யக்கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் இழையை ஒருத்தர் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவது இந்த மரத்துக்காகத்தான்.

அப்புறம் கோலம். இதை நீங்கள் 'இது கேம் ஆர்ட் இல்லையே' என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்கவே வேண்டாம். புள்ளி வைத்து, சமச்சீராக, ஒரே அலகைத் திரும்பத் திரும்ப வைத்துப் பெரிதாக்குகிற கலை அது. தரை, சுவர், துணி என்று என்வைரன்மென்ட் (பின்னணிக் காட்சி) செய்கிறவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் அதுதான். 1974-லேயே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கணினி வரைகலைக்காரர்களுக்குக் கோலம் புதிய விருந்தாளி இல்லை.

ஆனால் போடுகிற விதம் வேண்டும். ஒரு கோலத்தைத் தனியாகப் போட்டால் அழகான டிசைன் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை ஒரு சதுர டெக்ஸ்சராக்கி, 3-க்கு 3 அடுக்கி, ஒட்டு தெரியாமல் ஓடுகிறது என்று காட்டுங்கள். கிரிட்டா என்கிற வரையும் மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்றால் டபிள்யூ பொத்தானை அழுத்தினால் படம் நாலு பக்கமும் தொடர்ந்து ஓடும், அந்த நிலையிலேயே வரைந்துகொண்டு போகலாம், விளிம்பில் கோடு சேர்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. சிக்குக்கோலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். பிறகு அதையே ஒரு வாசலில் பதித்து, அரிசி மாவு பாதி அழிந்து, காலடி பட்டு ஓரம் கலைந்த மாதிரி ஒன்று, பெயிண்டில் போட்டு வெயிலில் வெளிறின மாதிரி ஒன்று என்று காட்டினால் டெக்ஸ்சர் கலைஞர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அதே வளைவுகளை வைத்து விளையாட்டின் மெனுவுக்குச் சட்டமும் செய்யலாம். மூலக் கோலம் அம்மா போட்டது என்று பதிவில் எழுதுங்கள். அவர் கைவேலை அது, பெயர் போட்டே ஆக வேண்டும்.

பென்சில் படங்களுக்கு வருகிறேன். கைப்பேசியில் இரவு விளக்கின் கீழ் எடுத்து, ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் உங்கள் தலையின் நிழலாகவும் இருக்கிற படத்தைப் போடாதீர்கள். பகலில் ஜன்னல் பக்கத்தில் தாளைத் தட்டையாக வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஓரங்களை வெட்டிவிட்டு வெள்ளையை வெள்ளையாக்கிவிடுங்கள், அவ்வளவு போதும். நடிகர் முகத்தைப் புகைப்படம் பார்த்து அச்சு அசலாக வரைவதற்கு நம் ஊரில் பெரிய மரியாதை உண்டு, கல்யாண வீட்டில்கூட வரைந்து கொடுக்கச் சொல்வார்கள். கேம் கலைஞர்கள் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, புகைப்படத்தில் ஏற்கெனவே இருந்த முடிவுகள் எது, நீங்கள் எடுத்த முடிவுகள் எது என்று பிரிக்க முடியாது என்பதால். அவர்கள் விரும்பிப் பார்ப்பது நேரில் பார்த்து வேகமாக வரைந்த உருவங்கள், கை கால், ஒரே ஆளைப் பல கோணத்தில் திருப்பி வரைந்தது, ஒரு பாத்திரத்துக்கு வெறும் கறுப்பு நிழலாகப் போட்டுப் பார்த்த பத்துப் பதினைந்து வடிவங்கள். கடைக்கு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மங்கு துடைக்கிற பாட்டி, எல்லாரும் இருக்கிறார்கள், வரையுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அதைச் சொல்லி அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள், சொல்லாமல் விட்டுப் பிறகு ஒருத்தர் கண்டுபிடித்தால் அந்தப் பெயர் சுலபத்தில் போகாது.

அனிமேஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பிக்சல் செய்கிறவர் சீக்கிரம் அங்கே வந்துவிடுவார் என்பதால் ஒன்று மட்டும். ஜிஃப் கோப்பு ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் நொடியில் நூற்றில் ஒரு பங்காகத்தான் கணக்கு வைக்கிறது. நீங்கள் நொடிக்கு 12 ஃபிரேம் என்று செய்தது அதில் 12.5 ஆகிவிடும், 24 என்பது 25 ஆகும், 60 வரவே வராது. சின்ன பிக்சல் அசைவுக்கு இது பரவாயில்லை. 3டி அனிமேஷன் என்றால் எம்பி4 வீடியோவாகப் போட்டுவிடுங்கள். விளையாட்டில் ஓடுகிற வேகத்திலேயே ஒன்று, பாதி வேகத்தில் ஒன்று என்று போட்டால் திருத்துகிறவருக்குச் சௌகரியம். மெனு, பொத்தான் மாதிரி வேலைகளைக் கைப்பேசித் திரை அளவில் காட்டுங்கள், புகை நெருப்பு மாதிரி எஃபெக்ட் வேலைகளை இருண்ட பின்னணியிலும் வெளிர் பின்னணியிலும் காட்டுங்கள், இப்போதைக்கு அது போதும்.

இனி பேச்சு வார்த்தை. பதிவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்றால் பதில் வராது. 'தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டுக்கோடு தெரிய மாட்டேன் என்கிறது, நார்மல் மேப்பை ஆழமாக்கவா, இல்லை நிறத்தில் வித்தியாசம் கூட்டவா?' என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தராவது உங்கள் படத்தின் மேலேயே வரைந்து காட்டுவார். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதினால் போதும், அங்கே இருப்பவர்களில் ஏகப்பட்ட பேருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. நேரமும் பாருங்கள்: நமக்கு இரவு 10 மணி என்பது ஐரோப்பாவில் பிற்பகல், நியூயார்க்கில் காலை. வேலை முடித்து வந்து பசியாறிவிட்டு அந்த நேரத்தில் போட்டால் பார்க்கிற கண்கள் அதிகம்.

திருத்தம் சொன்னவருக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சொன்னபடி மாற்றிப் பார்த்து, பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து மறுபடி போடுங்கள். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் ஏன் என்று மரியாதையாக எழுதுங்கள். தான் சொன்னதை ஒருத்தர் செய்து பார்த்தார் என்பதைப் போல மகிழ்ச்சி தருவது வேறு எதுவும் இல்லை, அவர் அடுத்த முறையும் வருவார். அதேபோல் நீங்களும் மற்றவர் இழைகளுக்குப் போய்க் கருத்துச் சொல்லுங்கள். புதியவனுக்கு என்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டாம். 'இந்த வாள் கைக்குப் பெரிதாகத் தெரிகிறது', 'இந்தப் படத்தில் என் கண் முதலில் பின்னால் இருக்கிற விளக்குக்குப் போகிறது' என்று பார்த்ததைச் சொல்வதற்கு அனுபவம் தேவையில்லை. பதில் இல்லாமல் கிடக்கிற பதிவாகப் பார்த்துப் பதில் போடுங்கள், அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏஐ விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் அது அங்கே பலருக்கு ஆறாத புண். 2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கில் கலைஞர்கள் ஏஐ படங்களுக்கு எதிராக ஒரே எதிர்ப்புப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு முகப்பையே நிரப்பினார்கள். தங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்து ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்பது அவர்கள் கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்பதுதான் என் எண்ணமும். சேர்கிற குழுவின் விதிகளை முதலில் படியுங்கள். ஏஐயில் வந்ததை உங்கள் கைவேலை என்று எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உங்கள் படங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023-இல் வெளியிட்ட கிளேஸ் என்கிற இலவசக் கருவி இருக்கிறது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஓரளவு தடை. படத்தின் மூலையில் சிறியதாகப் பெயர் போடுங்கள், நடுவில் பெரிதாகப் போட்டால் திருத்தம் சொல்கிறவருக்குப் படமே தெரியாது. நாளைக்கு ஏதாவது ஸ்டூடியோவுக்கு வேலை செய்து கொடுத்தீர்கள் என்றால் அவர்கள் எழுத்தில் அனுமதி தராமல் அந்த வேலையின் ஒரு துண்டைக்கூட வெளியே காட்டக்கூடாது, 'ஸ்கெட்ச்புக்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது.

உங்கள் மடிக்கணினி பழசு, தோட்டத்தில் லைன் மெதுவு என்று எழுதியிருந்தீர்கள். பிளெண்டரும் கிரிட்டாவும் இலவசம். பிளெண்டரில் ஈவி என்கிற முறையில் ரெண்டர் எடுத்தால் (மாடலைப் படமாக்கினால்) சைக்கிள்ஸ் என்கிற முறையைவிடச் சீக்கிரம் முடியும், ப்ராப் காட்டுவதற்கு அது தாராளம். படங்களை 1920 புள்ளி அகலத்துக்குக் குறைத்து ஏற்றுங்கள், பார்ப்பவர்களிலும் மெதுவான லைன்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலில் எதைப் போடுவது என்று கேட்டால் பால்மரத்தைப் போடுங்கள். மொத்தம் ஐந்து படம் போதும்: சாம்பல் பின்னணியில் மரம் முழுதாக, வெட்டுக்கோடும் மங்கும் கிட்டத்தில், வயர்ஃபிரேம், டெக்ஸ்சர்கள் தட்டையாக, நீங்கள் எடுத்த நிஜ மரத்தின் படம். கீழே முக்கோணக் கணக்கு, டெக்ஸ்சர் அளவு, எந்த என்ஜின், இது மலேசியத் தோட்டத்துப் பால்மரம் என்று ஒரு வரி, கடைசியில் உங்கள் ஒரே கேள்வி. அடுத்த வாரம் அதே இழையில் கோல டெக்ஸ்சர், அதற்கடுத்து அந்தத் தோட்டத்தில் நடமாடுகிற ஆட்களின் பென்சில் படங்கள் என்று போனால் நாலு சரக்கும் ஒரே இடத்தைச் சுற்றி வந்து நிற்கும், பார்ப்பவர்களுக்கும் இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது பிடிபட்டுவிடும். வெட்டுப்பட்ட பட்டையைக் கிட்டத்தில் எடுத்த படங்கள், மங்கு கம்பி மாட்டின விதம் எல்லாம் என்னிடம் நிறைய இருக்கின்றன, நான் செய்கிற பின்னணிக் காட்சிகளுக்காக எடுத்தவை. வேண்டும் என்றால் சொல்லுங்கள் தம்பி, மொத்தமாக அனுப்பிவிடுகிறேன்.